வெண்புள்ளியும் வாழ்க்கைத் தரமும்: ஓர் அளவுகோலின் எல்லைகள்

வெண்புள்ளி பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது, யாருக்கும் தொற்றாது. நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்களை உடலின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களே அழித்துவிடுவதால் தோல் வெளுக்கிறது. உடலளவில் நோயின் விளைவு ஏறக்குறைய அவ்வளவுதான். உலக மக்களில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இவர்களது வாழ்க்கைத் தரம் எவ்வளவு குலைகிறது என்று அறியத் தோல் மருத்துவம் பெரிதும் நம்பியிருக்கும் அளவுகோல், தமிழ்ச் சூழலில் அந்தப் பாதிப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த அளவுகோல் டி.எல்.க்யூ.ஐ. எனப்படும் தோல்நோய் வாழ்க்கைத் தரக் குறியீடு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் இருவரும் 1994-இல் உருவாக்கியது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய 10 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 30-ஐத் தாண்டாது. 6 முதல் 10 வரை மிதமான பாதிப்பு, 11 முதல் 20 வரை மிகப் பெரிய பாதிப்பு என்று பொருள்கொள்கிறார்கள். இந்த எண் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. சோரியாசிஸுக்கான விலையுயர்ந்த உயிரியல் மருந்துகளைப் பிரிட்டனில் பரிந்துரைக்க, நோயின் தீவிர அளவோடு இக்குறியீடும் 10-க்கு மேல் இருக்க வேண்டும். யாருக்குச் சிகிச்சை கிடைக்கும் என்பதையே தீர்மானிக்க வல்ல எண் இது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கணக்கிட்டுப் பார்ப்போம். திருமணமாகாத 24 வயதுப் பெண். உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. அரிப்பு, வலி பற்றிய முதல் கேள்விக்கு 0. கூச்சத்துக்கு 3, உடைத் தேர்வுக்கு 3, வெளியே பழகுவதில் உள்ள சிரமத்துக்கு 2, உறவினரால் வரும் தொல்லைக்கு 1. வேலை தடைபடவில்லை, 0. விளையாட்டும் தாம்பத்தியமும் 'பொருந்தாது', அவற்றுக்கும் 0. எஞ்சிய இரண்டு கேள்விகளுக்கும் 0. மொத்தம் 9, ஆக மிதமான பாதிப்பு. சொறிசிரங்கு வந்து இரவெல்லாம் தூங்காமல் சொறியும் ஒருவர் இதைவிட எளிதாக அதிக மதிப்பெண் வாங்கிவிடுவார். அவருக்கு 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பை இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தப் பெண்ணுக்கோ வாரம் இரண்டு மூன்று நாள் எனப் பல மாதம் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை எடுத்தாலும் முகத்தில் நிறம் திரும்பும் அளவுக்கு உதட்டிலும் விரல் நுனியிலும் திரும்புவதில்லை. விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அந்தக் கணக்கில் இவரது நோய் அற்பம். ஆனால் காசு கொடுக்கும்போதும் பந்தியில் பரிமாறும்போதும் முன்னே நீள்வது அந்த விரல்கள்தாம். கறுத்த தோலில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும் என்பதையும் பரப்பளவுக் கணக்கு அறியாது.

தாளில் இல்லாத கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வரன் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் பொருந்தியும் திரும்பிப் போனார்களா? தங்கையின் கல்யாணம் இதனால் தள்ளிப்போகிறதா? மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதா, மறைப்பதா என்று வீட்டில் சண்டை நடக்கிறதா? மீனையும் தயிரையும் சேர்த்து உண்டதால் வந்தது என்று தாயைக் குறை சொல்கிறார்களா? அந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. இருந்தும் புளியும் எலுமிச்சையும் விலக்கித் தனிச்சமையல் உண்டு வளரும் பிள்ளைகள் உண்டு. (ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள சில வேதிப்பொருள்கள் நெற்றியில் தோலை வெளுக்கச் செய்வது நிரூபிக்கப்பட்ட ஒன்று. அதைப் பற்றி எச்சரிப்பவர்களோ குறைவு.) தொழுநோயோடு குழப்பிக்கொள்ளும் பழக்கமும் சேர்கிறது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப்போகும், வெண்புள்ளியில் போகாது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவுகளை நாடாளுமன்றம் 2019-இல்தான் நீக்கியது. சட்டத்துக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், உறவுக்கூட்டத்தின் அச்சம் அதற்கு முன்பே கரைந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு வார எல்லையிலும் சிக்கல் இருக்கிறது. களங்கம் பற்றி 1963-இல் எழுதிய சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன், குறை வெளிப்பட்டுவிட்டவரையும் எந்நேரமும் வெளிப்படலாம் என்ற நிலையில் இருப்பவரையும் வேறுபடுத்தினார். முழுக்கைச் சட்டைக்குள் திட்டை மறைத்திருப்பவர் இரண்டாம் வகை. மூன்றாண்டுகளாக எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவருக்குப் போன வாரம் கல்யாண வீட்டில் அவமானம் நேர வழியில்லை. விலகி வாழப் பழகியவரின் தாளில் மதிப்பெண் இறங்கும். அதைத் தேறிவிட்டார் என்று வாசிப்பது பிழை.

பொது அளவுகோல் இருந்தால்தானே ஒரு நோயை இன்னொன்றோடு ஒப்பிட முடியும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. டி.எல்.க்யூ.ஐ.யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 'பொருந்தாது' என்ற விடைகளை விலக்கிவிட்டு, எஞ்சிய கேள்விகளுக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சீராக்கும் முறை 2018-இல் முன்வைக்கப்பட்டது. அதன்படி நம் எடுத்துக்காட்டில் 8 கேள்விகளின் உச்சம் 24. 24-க்கு 9 என்பது 30-க்கு 11 ஆகும். அதே பெண், அதே விரல்கள். 'மிதமான' பாதிப்பு 'மிகப் பெரிய' பாதிப்பாகிவிடுகிறது. இருப்பினும் இச்சூத்திரம் கேட்ட கேள்விகளையே சரிசெய்கிறது, கேட்காதவற்றைச் சேர்ப்பதில்லை. அதற்கு இச்சமூகத்துக்குள்ளிருந்தே கேள்விகள் எழ வேண்டும். புதுதில்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் வெண்புள்ளிக்கென்றே வடித்த 22 கேள்விகள் கொண்ட பாதிப்பு அளவுகோல் அவ்வகையில் சரியான திசை. குடும்பத்தாரின் சுமையை அளக்கவும் 2007 முதல் தனிக் குறியீடு இருக்கிறது. இவை இரண்டையும் பொதுக் குறியீட்டுடன் இணைத்துப் பயன்படுத்துவதே முறை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள், வெண்புள்ளி இல்லை. அது இடம்பெற வேண்டுமா என்பது தனி விவாதம். எந்த விவாதத்துக்கும் நம்பத்தகுந்த அளவீடு வேண்டும். அது புறநோயாளிப் பிரிவின் மேசையில் தொடங்குகிறது. தோல் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது: 'பொருந்தாது' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால், அதைப் பூஜ்யமாகக் கூட்டுவதற்கு முன் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.