தராசுக்கு அகப்படாத அதிர்வு

நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் எஞ்சின் மட்டும் ஓடும்போது சன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் இறங்கியவரின் உள்ளங்கை மரத்துப் போவதையும் அறிவீர்கள். எஞ்சின் ஏன் இப்படி அதிர வேண்டும்? பாகங்களை ஒழுங்காகச் செய்யாததாலா? அல்லது ஒழுங்காகச் செய்தாலும் தீராத காரணம் ஏதேனும் உண்டா? இந்தக் கேள்வி நீராவி எஞ்சின் காலத்திலேயே எழுந்துவிட்டது. அதற்கு விடை கிடைத்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத்தண்டு. இரண்டையும் பிணைப்பது இணைப்புத்தண்டு. பட்டறைகளில் இதைக் கனெக்டிங் ராடு என்பார்கள். பிஸ்டனின் நிறை 500 கிராம், அது மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர், கிராங்கு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று கொள்ளுங்கள். இணைப்புத்தண்டின் சாய்வை இப்போதைக்கு மறந்துவிட்டால், ஓட்டத்தின் இரு முனைகளிலும் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 400 மடங்கு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 2000 நியூட்டன், அதாவது 200 கிலோகிராம் எடை. அரைக் கிலோ பிஸ்டன் ஒன்று, வினாடிக்கு 50 முறை, எஞ்சினை இந்த விசையோடு மேலும் கீழும் உதைக்கிறது!

சம்மட்டி அடி

இந்த உதையை முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்தவர்கள் இரயில்வே பொறியாளர்கள். நீராவி இரயில் எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். வேகம் கூடக்கூட எஞ்சின் முன்னும் பின்னும் உலுக்கியது. பக்கவாட்டிலும் வளைந்து நெளிந்தது. சக்கரத்தில் எதிர்எடை வைத்து இதைத் தடுக்க முயன்றார்கள். எவ்வளவு எதிர்எடை வேண்டும் என்பதைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுப் பொறியாளர் லூயி லெ சாத்தெலியே. ஓடும் எஞ்சின்களின் நிலைத்தன்மை பற்றிய அவருடைய நூல் 1849-இல் வெளிவந்தது. வேதியியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. வேதிச் சமநிலை பற்றிய லெ சாத்தெலியே தத்துவத்தைத் தந்த ஹென்றி லெ சாத்தெலியே இவருடைய மகன்தான். தந்தை இயந்திரச் சமநிலையையும் மகன் வேதிச் சமநிலையையும் ஆராய்ந்தது ஓர் அழகான பொருத்தம்.

ஆனால் எதிர்எடையில் ஒரு சிக்கல் இருந்தது. பிஸ்டன் ஒரு நேர்க்கோட்டில் மட்டுமே ஓடுகிறது. எதிர்எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. எனவே முன்பின் உலுக்கலைச் சரிக்கட்டும் அதே எதிர்எடை, மேலும் கீழுமாகப் புதிய விசை ஒன்றை உண்டாக்குகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தை ஒருமுறை ஓங்கி அடித்தது. பொறியாளர்கள் இதற்குச் சம்மட்டி அடி என்றே பெயரிட்டார்கள். தண்டவாளங்களும் பாலங்களும் இந்த அடியைத் தாங்க வேண்டியிருந்தது. கடைசியில், பிஸ்டன் முதலிய முன்பின் ஓடும் பாகங்களின் நிறையில் ஒரு பகுதியை மட்டும் சமன் செய்து, மீதி உலுக்கலைப் பொறுத்துக்கொள்வது என்று உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதிர்வு ஒழியவில்லை, ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு ஓரளவு மாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

வீட்டுத் தராசு செய்யும் வேலை

மோட்டார் கார் வந்தபோது நல்வழி ஒன்று தென்பட்டது. நான்கு சிலிண்டர்களை வரிசையாக வைத்து, இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்குமாறு கிராங்கை அமைத்தால் உதைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் அல்லவா? ஆம், ஆனால் நான்கின் நிறையும் சமமாக இருந்தால்தான். நம் கணக்கில் உள்ள பிஸ்டன்களில் ஒன்று 10 கிராம் கூடுதலாக இருந்தால் 3000 சுற்றில் சுமார் 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை மிஞ்சும். வேகம் 6000 சுற்றானால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிச் சுமார் 16 கிலோகிராம் ஆகும். ஏனெனில் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது.

எனவே எஞ்சினை வேகமாக ஓட்ட விரும்பியவர்கள் தராசைத் தேடினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழைய கார்களை வாங்கிப் பந்தய வண்டிகளாக மாற்றிய இளைஞர் கூட்டம் பெருகியது. வீட்டுக் கொட்டகையிலேயே எஞ்சினைப் பிரித்து, கையால் செப்பனிடும் பழக்கம் அங்கே பரவியது. பிஸ்டன்களின் நிறையைச் சமமாக்குவது எளிது: எல்லாவற்றையும் நிறுத்து, மிக இலேசானதற்குச் சமமாக மற்றவற்றின் உட்புறத்தில் வலிமைக்கு வேண்டாத இடத்தில் உலோகத்தைச் சுரண்ட வேண்டும்.

இணைப்புத்தண்டுக்கு மொத்த நிறை மட்டும் சமமானால் போதாது. அதன் பெருமுனை கிராங்கோடு சுற்றுகிறது. சிறுமுனை பிஸ்டனோடு மேலும் கீழும் ஓடுகிறது. எனவே இரு முனைகளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். எப்படி? தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையைக் கயிற்றிலும் தாங்கச் செய்தால் தராசு அந்த முனைக்குரிய பங்கைக் காட்டும். பிறகு முனைகளை மாற்றி நிறுக்கலாம். இரண்டு அளவுகளையும் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் நிறுத்ததில் பிழை. பள்ளியில் படித்த நெம்புகோல் தத்துவம்தான் இது. அரம், தராசு, பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே ஒரு கிராமுக்குள் சமன் செய்துவிடலாம்.

ஐந்து மில்லிமீட்டர்

ஆனால் நான்கு பிஸ்டன்களையும் இம்மியும் பிசகாமல் சமன் செய்தாலும் எஞ்சின் அதிரும். முன்பு மறந்துவிடச் சொன்ன சாய்வை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கிராங்கின் ஆரம் 40 மில்லிமீட்டர், இணைப்புத்தண்டின் நீளம் 160 மில்லிமீட்டர் என்க. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்கின் மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்திலும், அடியில் இருக்கும்போது 120 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கும். கிராங்கு கால் சுற்றுச் சுற்றிக் கிடைமட்டமாகும்போது? பித்தாகரஸ் தேற்றத்தின்படி உயரம் சுமார் 155 மில்லிமீட்டர். நடுப்புள்ளியான 160 அல்ல!

அதாவது முதல் கால் சுற்றில் இறங்கும் பிஸ்டன் 45 மில்லிமீட்டர் இறங்குகிறது; அதே நேரத்தில் ஏறும் பிஸ்டன் 35 மில்லிமீட்டர்தான் ஏறுகிறது. நான்கு பிஸ்டன்களின் பொதுவான நிறைமையம் 5 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது. அடுத்த கால் சுற்றில் மீண்டும் எழும்புகிறது. ஒரு சுற்றுக்கு இருமுறை, 3000 சுற்று வேகத்தில் வினாடிக்கு 100 முறை, 2 கிலோகிராம் நிறை இப்படிக் குதிக்கிறது. இதன் விசையும் சுமார் 2000 நியூட்டன். ஒரே ஒரு பிஸ்டன் தனியாக உதைப்பதற்குச் சமம்! இதற்கு இரண்டாம்நிலை விசை என்று பெயர். இதில் தொழிலாளியின் குறை எதுவும் இல்லை. தராசும் இதைக் காட்டாது. இது முக்கோணத்தின் குறும்பு.

இதற்கு மருந்து கண்டவர் ஆங்கிலப் பொறியாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் (1868–1946). விமானம் பறக்கும் தத்துவத்தையும் ஆராய்ந்து நூல்கள் எழுதிய மேதை அவர். 1896-இல் தம் முதல் காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டே, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு கிராங்குத்தண்டுகள் கொண்ட எஞ்சினை அமைத்தார். எதிரெதிராகச் சுழலும் இரு எடைகளின் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழிக்கும். மேல்கீழ் விசைகள் மட்டும் கூடும். இரயில் எஞ்சினின் எதிர்எடையில் இருந்த சிக்கல் இதில் இல்லை. இந்தக் கருத்தையே நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கும் பயன்படுத்தினார். ஒருபுறம் எடை கூடிய இரண்டு தண்டுகளை, கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழல விட்டார். பிஸ்டன்களின் நிறைமையம் தாழும்போது இவற்றின் எடைகள் மேலே இருக்கும். இந்தச் சமன்தண்டு முதல் உலகப் போருக்கு முன்பே உருவாகிவிட்டது.

ஆனால் உலகம் உடனே அதைத் தழுவவில்லை. கூடுதல் பற்சக்கரங்கள், உராய்வு, செலவு ஆகியவை தடுத்தன. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் எஞ்சினை இரப்பர் தாங்கிகளில் அமர்த்தியது. அதிர்வு அப்படியே இருந்தது. பயணிக்கு மட்டும் தெரியவில்லை. பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் வந்தபோது இரப்பர் மட்டும் போதவில்லை. 1975-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம், ஒரு தண்டை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்துச் சமன்தண்டுகளுக்குப் புத்துயிர் தந்தது. கார் செய்வதில் பேர்பெற்ற ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமே 1980-களில் தன் 944 காருக்காக அந்த உரிமத்தைப் பெற்றது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2020-இல் வெளியிட்ட மீட்டியார் 350 மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினிலும் ஒரு சமன்தண்டு சுழல்கிறது. அது முதல்நிலை விசையை அடக்குவதற்காக, கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுற்றுவது.

ஒரு தாளில் 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். அதன் மையத்தின் வழியே நெடுக்காக ஒரு கோடு இழுங்கள். கவராயத்தை 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்து, வட்டத்தின் உச்சி, வலப்பக்கம், அடி ஆகிய மூன்று புள்ளிகளிலிருந்தும் மேலே அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கிடைக்கும் மூன்று குறிகளுக்கும் இடையே உள்ள தூரங்களை அளந்து பாருங்கள். நடுக்குறி நடுவில் இராது. அரைச் சென்டிமீட்டர் கீழே இருக்கும்.