சிறுதேரும் டாங்கியும்

ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக வருவது சிறுதேர். தேர் ஒரு காலத்தில் போர்க்கருவி. நால்வகைப் படைகளுள் ஒன்று. அதைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாடியபோது நம் புலவர்களுக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தேர் டாங்கி. அதுவும் இன்று சிறிதாகி, ரேடியோ அலையால் இழுக்கப்பட்டு, பல நாடுகளின் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இழுப்பவர்களுள் நரை விழுந்தவர்கள் பலர். அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் பாதை பொம்மைக்கடையைத் தாண்டி வெகுதூரம் செல்கிறது.

டாங்கி என்ற பெயரே ஒரு மாறுவேடம். 1915இல் பிரிட்டன் 'தரைக்கப்பல்' என்ற பெயரில் இந்த வாகனத்தை இரகசியமாக உருவாக்கத் தொடங்கியது. இரகசியம் வெளியாகாமலிருக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். தொட்டியைக் குறித்த அச்சொல் ஆங்கிலத்துக்குள் சென்றதில் குஜராத்தி, மராத்தி மொழிகளுக்குப் பங்குண்டு என்பர் சொல்லாய்வாளர். நம்மூர் ஏரிகளைக் கம்பெனி அதிகாரிகள் தங்கள் ஆவணங்களில் குறித்ததும் இதே சொல்லால்தான். நீருக்கான பெயரைச் சூடிக்கொண்டு அந்த இரும்பு விலங்கு 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கியது.

தொலைவிலிருந்து ஓட்டும் எண்ணம் அதற்கும் முந்தியது. 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்பொருட்காட்சியில், தொட்டி நீரில் மிதந்த ஒரு சிறு படகை நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் திருப்பிக் காட்டினார். அளவில் அது ஒரு விளையாட்டுப் படகுதான். ஆனால் அதில் போரின் எதிர்காலத்தையும் அவர் கண்டார். ஆக, பிறந்த அன்றே இந்தப் பொறி பொம்மையாகவும் ஆயுதமாகவும் பிறந்தது.

1930களில் சோவியத் பொறியாளர்கள் டி-26 டாங்கிகளில் ரேடியோ ஏற்பிகளைப் பொருத்தினார்கள். ஆளில்லா டாங்கி முன்னே செல்ல, பின்னால் வரும் இன்னொரு டாங்கியில் அமர்ந்து ஒருவர் அதை ஓட்டினார். 1939–40இல் பின்லாந்துடன் நடந்த போரில் இவற்றைப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். பெரிய பலன் கிட்டவில்லை. முன்னே செல்லும் வண்டியின் பட்டைக்கடியில் பள்ளமா பாறையா என்பதைப் பின்னாலிருப்பவர் எப்படி அறிவார்? தோட்டத்தில் பொம்மை டாங்கியை ஓட்டுகிறவர்களின் இன்றைய தொல்லையும் இதுவே.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் சென்றனர். முழங்காலளவு உயரமே கொண்ட 'கோலியாத்' என்ற வண்டியைக் கம்பிவழி ஓட்டி, இலக்கை அடைந்ததும் தன்னோடு சேர்த்து வெடிக்கச் செய்தார்கள். அதனினும் பெரியது 'போர்க்வார்ட் 4'. ஓர் ஓட்டுநர் அதைக் களம்வரை செலுத்தி இறங்கிவிடுவார். பிறகு ரேடியோ அதை நடத்தும். முகப்பில் சுமந்திருக்கும் ஏறக்குறைய அரை டன் வெடிமருந்துப் பெட்டியைச் சரித்துவிட்டு, வண்டி பின்வாங்கி வந்துவிடும்.

1944 ஆகஸ்ட் 13 அன்று, வார்சா எழுச்சியின்போது, இப்படியொரு வண்டி போராளிகளின் தடுப்பரண் அருகே கைவிடப்பட்டுக் கிடந்தது. எதிரியின் டாங்கியைக் கைப்பற்றிவிட்டதாக மகிழ்ந்து, அதைப் பழைய நகரத்தின் தெருக்களில் ஓட்டி வந்தார்கள். இரண்டு வாரங்களாகக் குண்டுமழையில் பதுங்கியிருந்த மக்கள் வெளியே ஓடி வந்தனர். குழந்தைகளும் வந்தனர். கிலின்ஸ்கி தெருவில் முகப்புப் பெட்டி சரிந்து வெடித்தது. இறந்தவர்கள் முந்நூறுக்கும் மேல். ஊர்வலம் வந்த ஒரு தேரைப் பார்க்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். வார்சாவின் புனித யோவான் பேராலயச் சுவரில் சங்கிலிப் பட்டையின் துண்டொன்று இன்றும் பதிக்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள பலகை அதைக் கோலியாத்தினுடையது என்கிறது. அது போர்க்வார்டின் பட்டை என்பதே வரலாற்றாளர் கருத்து.

இந்தப் பட்டை எப்படிப் பொம்மையாயிற்று? அதற்கு ஜப்பானின் ஷிசுவோகா நகருக்குச் செல்ல வேண்டும். மரவேலைக்குப் பெயர்பெற்ற அந்த ஊர் 1945 ஜூன் 19–20 இரவு விமானத் தாக்குதலில் எரிந்தது. ஏறத்தாழ 2000 பேர் மாண்டார்கள். மறு ஆண்டில் யோஷியோ டமியா என்பவர் அங்கே ஒரு மரம் அறுக்கும் ஆலையைத் தொடங்கினார். மிச்ச மரத்தில் கப்பல், விமான மாதிரிகள் செய்து விற்பது துணைத்தொழிலாக வளர்ந்தது. 1951இல் ஆலை தீக்கிரையானதும் மாதிரிகளே முதல் தொழிலாயின. 1960இல் வெளிவந்த முதல் பிளாஸ்டிக் மாதிரியான யமாட்டோ போர்க்கப்பல் தோல்வி கண்டது. அடுத்து அவர் மகன் ஷுன்சாகு கையிலெடுத்தது ஜெர்மனியின் 'பாந்தர்' டாங்கி. மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகவே உடலின் அகலம் தீர்மானிக்கப்பட்டது. அப்படி வந்த 1:35 என்ற விகிதம் உலகமெங்கும் டாங்கி மாதிரிகளின் பொது அளவாயிற்று. மின்கலத்தின் பருமன் ஒரு மரபை உருவாக்கிவிட்டது!

1974இல் அதே நிறுவனம் 1:16 அளவில் ஷெர்மன் டாங்கியை ரேடியோ கட்டுப்பாட்டுடன் வெளியிட்டது. பின்னாளில் பந்தயக் கார்களால் உலகப்புகழ் பெற்ற அந்நிறுவனத்தின் முதல் ரேடியோ மாதிரி இதுதான். ஷுன்சாகு டமியா 2025 ஜூலையில் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். போரைத் துறப்பதாக 1947இல் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு, உலகத்தின் டாங்கிகளையெல்லாம் அச்சு அசலாகச் சிறிதாக்கித் தந்தது என்பதை முரண் என்று சொல்லிவிடலாம். எரிந்த ஊரில் வளர்ந்த ஒரு தலைமுறை, தன்னை அச்சுறுத்தியதைக் கையடக்கமாக்கிப் பார்த்துக்கொண்டது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே உண்மைக்கு அருகில் படுகிறது.

வெளியில் ஓட்டும்போதுதான் சிறிதாக்கலின் விதிகள் புலப்படும். 57 டன் டைகர் டாங்கியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பதினாறில் ஒன்றாக்கினால், எடை 4096இல் ஒன்றாகி, 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். தரையைத் தொடும் பட்டையின் பரப்போ 256இல் ஒன்றுதான் ஆகும். எனவே நிலத்தின்மீது விழும் அழுத்தம் பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. ரஷ்யச் சேற்றில் புதைந்த பேருருவின் குட்டி ஈரமண்ணில் ஒய்யாரமாகப் போகும். ஆனால் புல் சிறிதாவதில்லை. ஐந்து சென்டிமீட்டர்ப் புல் அதற்கு இடுப்பளவுக் காடு. தண்டுகள் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். சிறு கூழாங்கல் பல்சக்கரத்தில் சிக்கினால் பட்டை கழன்றுவிடும். உண்மையான டாங்கிப் படையினரும் மண்டியிட்டுப் பட்டை மாட்டியவர்கள்தாம். வேகத்தையும் பதினாறால் வகுத்தால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவு. உடையவர் நாய்க்குட்டியோடு உலாவுவதுபோல மெல்ல நடந்து போகலாம்.

இவர்களுக்குள் போரும் உண்டு. குண்டுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர். அடிபட்ட டாங்கி குலுங்கும். அடிகள் கூடக்கூட வேகம் குன்றி, கடைசியில் செயலற்று நின்றுவிடும். சற்று நேரத்தில் மறுபடி உயிர் பெறும். கடும் வெயிலில் அந்தக் கதிர் சரியாக வேலை செய்யாது என்பதால் நிழலோ மாலையோ பார்த்துப் போர் தொடுக்கிறார்கள். செத்தவர் எழுந்து வருகிற போர் என்பதால்தான் அதை விளையாட்டு என்கிறோம்.

அந்த எல்லைக்கோடு இப்போது மறுபடி அழிகிறது. 2022இல் ரஷ்யா முழுவீச்சில் படையெடுத்ததிலிருந்து, உக்ரைன் களத்தில் வெடிமருந்து சுமந்த சிறு தரைவண்டிகள் எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கி ஊர்கின்றன. வேறு சில காயமுற்றவர்களைச் சுமந்து திரும்புகின்றன. வானில் பறக்கும் டிரோன்கள் பலவற்றின் மோட்டாரும் மின்கலமும் பொழுதுபோக்காளர் கடைகளில் விற்றவற்றின் உடன்பிறப்புகளே. எண்பது ஆண்டுகளில் கோலியாத் பொம்மைக்கடை வழியாகச் சுற்றிவந்து போர்க்களத்துக்கே திரும்பிவிட்டது.

அதற்காகத் தோட்டத்தில் டாங்கி ஓட்டும் மனிதரைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை. சிறுதேர் உருட்டிய குழந்தையை எவரும் போர்வெறியன் என்று சொன்னதில்லை. ஆனால் தன் கையிலிருப்பது எதன் சிறு வடிவம் என்று குழந்தைக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். மாலையில் வண்டியைத் துடைத்து, பட்டையில் சிக்கிய புல்லை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, வார்சாவில் ஒரு கோயில் சுவரில் இதே பட்டையின் மூலம் பதிந்திருப்பதை அவர் ஒருகணம் நினைத்துக்கொண்டால் போதும்.