மறுப்பவர் இல்லாத வகுப்பு: கல்லூரிக்குப் பின் மெய்யியல் பயில்வோர்க்கான திட்டம்

1. எல்லையும் சிக்கலும்

பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த பிறகு மெய்யியல் படிக்க ஆசைப்படுபவர் முதலில் செய்வது நூற்பட்டியல் போடுவது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், தெகார்த், கான்ட், நீட்சே என்று பட்டியல் காலவரிசையில் இறங்கும். இடையில் உபநிடதமும் திருக்குறளும் சேரும். புத்தகக் கண்காட்சியில் பாதி நூல்களை வாங்கியும் விடுவார். பிறகு பிளேட்டோவின் ‘குடியரசு’ மூன்றாம் பகுதியைத் தாண்டாமல் படிப்பு நின்றுபோகும். இதற்குச் சோம்பல் காரணமன்று, திட்டத்தின் அமைப்பிலேயே குறை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தேர்வுக்கும் பட்டத்துக்கும் படிப்பவர்கள் இங்கே பேசப்படவில்லை. வாரத்தில் ஆறேழு மணி நேரம் ஒதுக்கக்கூடிய, ஆங்கிலத்தை ஓரளவு படித்துப் புரிந்துகொள்ளும் தமிழ்ப் பட்டதாரியே நம் மாணவர். தமிழகத்தில் இளங்கலையில் மெய்யியல் உள்ள கல்லூரிகள் சிலவே. ஆகவே இவர் பொறியியலோ வணிகவியலோ படித்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

2. கல்லூரி தந்தது எது

நூல், வரிசை, கெடு, மறுப்பவர் ஆகிய நான்கையும் கல்லூரி தருகிறது. முதல் மூன்றுக்கு இன்று பஞ்சமில்லை. ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995இலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தமிழ் நூல்களை மின்வடிவில் தருகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பாடநூல்களை யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். வரிசை வேண்டுவோர்க்கு அவையே போதும். கெடுவை நாமே வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதுதான் கிடைப்பதில்லை. கணக்கில் பிழை செய்தால் விடை காட்டிக்கொடுத்துவிடும். நிரலில் பிழை செய்தால் கணினி நின்றுவிடும். மெய்யியலிலோ சரியாகப் புரிந்துகொண்டவருக்கும் தவறாகப் புரிந்துகொண்டவருக்கும் கிடைக்கும் திருப்தி ஒன்றுதான். “நீ சொல்வது அப்படிப் பொருள்படாதே” என்று எதிரிலிருந்து ஒருவர் சொல்லும் வரை பிழை வெளிப்படாது. வகுப்பில் ஆசிரியரோ பக்கத்து இருக்கைக்காரரோ இதைச் செய்தார். ஒருமணி நேர யூடியூப் உரை இதைச் செய்யாது. கேட்டு முடித்ததும் எல்லாம் விளங்கியதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து. ஆக, தனிக்கல்வித் திட்டத்தின் முதல் கேள்வி எதைப் படிப்பது என்பதன்று. மறுப்பை எங்கிருந்து பெறுவது என்பதே.

3. மூன்று முன்னோடிகள்

டேவிட் ஹியூம் எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டபோது அவருக்கு வயது பதினைந்துக்குள். குடும்பம் அவரை வழக்கறிஞராக்க நினைத்தது. அவரோ சட்டநூல் படிப்பதாக வீட்டார் நம்பிக்கொண்டிருக்க, சிசரோவையும் வெர்ஜிலையும் படித்தார். சில ஆண்டுகள் தனியே கடுமையாகப் படித்ததில் உடலும் மனமும் சோர்ந்தன. 1734இல் ஒரு மருத்துவருக்கு நீண்ட கடிதம் எழுதித் தம் நிலையை விவரித்தார். பிரிஸ்டல் நகர வணிகர் ஒருவரிடம் சில மாதம் வேலை பார்த்தும் ஒத்துவரவில்லை. பின்பு பிரான்சுக்குப் போய் லா ஃப்ளேஷ் என்ற சிற்றூரில் தங்கினார். தெகார்த் படித்த இயேசு சபைக் கல்லூரி இருந்த ஊர் அது. அங்கேதான் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வுநூல்’ பெரும்பாலும் எழுதப்பட்டது.

அந்த ஊரில் நல்ல நூலகம் கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள். நமக்கு முக்கியம் வேறொன்று. கல்லூரித் தாழ்வாரத்தில் உலவியபடி இயேசு சபைத் துறவி ஒருவர் தம் மடத்தில் நடந்ததாக ஓர் அற்புதத்தைச் சொன்னார். ஹியூம் அதை மறுத்தார். அந்த வாதம் நற்செய்தி நூல்களின் அற்புதங்களுக்கும் பொருந்துமே, ஆகவே அது செல்லாது என்றார் துறவி. அற்புதங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற வாதம் இப்பேச்சில்தான் பிறந்தது என்று ஹியூம் பின்னாளில் கடிதமொன்றில் எழுதினார். தனியே படித்தவருக்கும் கருத்து கூர்மைப்பட்டது கருத்து மாறுபட்டவர் ஒருவரோடு நடந்தபோதுதான்.

ஜான் ஸ்டூவர்ட் மில் கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்காதவர். 1823இல், பதினேழு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகமான லண்டன் இந்தியா ஹவுஸில் எழுத்தராகச் சேர்ந்தார். இரண்டோர் ஆண்டுக்குப் பின் அவரும் பத்துப் பன்னிரண்டு நண்பர்களும் ஜார்ஜ் க்ரோட்டின் வீட்டு அறையொன்றில் வாரம் இருமுறை காலை எட்டரையிலிருந்து பத்து வரை கூடினார்கள். பத்து மணிக்கு அவரவர் வேலைக்குப் போகவேண்டும். முதலில் பொருளியல், பிறகு தருக்கம், பிறகு உளவியல் என்று போனது படிப்பு. ஒருவர் ஓர் இயலையோ அதன் பகுதியையோ உரக்கப் படிப்பார். ஐயம் உள்ளவர் கேட்பார். எழுப்பிய ஐயம் சிறிதாயினும் பெரிதாயினும் பேசியவர் ஒவ்வொருவரும் தமக்குள் தெளிவடையும்வரை நகரக்கூடாது என்பது விதி. ஒரே புள்ளியில் பல வாரம் நின்றதுண்டு என்கிறார் மில். ஆல்டிரிச்சின் தருக்கநூல் மேம்போக்காக இருக்கிறது என்று அலுத்துப்போய், பழைய இலத்தீன் கையேடு ஒன்றைத் தாங்களே மறுபதிப்புச் செய்து படித்தார்கள்! தாம் சுயமாகச் சிந்திக்கத் தொடங்கியதை மில் இந்தக் காலைகளிலிருந்தே கணக்கிடுகிறார். ‘எத்தனை பக்கம் முடிந்தது’ என்ற அளவுகோலே அந்தத் திட்டத்தில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாமவர் உ.வே. சாமிநாதையர். மெய்யியல் மாணவராக அவரை யாரும் எண்ணுவதில்லை, எண்ணவேண்டும். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகே சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. சமணம் தெரியாமல் அந்நூலில் ஓரடி வைக்க முடியாது. சைவ மரபில் பயின்ற அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போய், அந்நூலைச் சமய நூலாகவே ஓதிவந்தவர்களிடம் ஐயம் கேட்டார். மணிமேகலைக்கு வந்தபோது கேட்பதற்கு ஊரில் பௌத்தரே இல்லை. ரங்காசாரியார் என்ற அறிஞர் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கொள்கைகளை விளக்க, இவர் குறித்துக்கொண்டார். 1898இல் வெளிவந்த பதிப்போடு புத்தரின் வரலாறு, தருமம், சங்கம் பற்றித் தாமே எழுதியவற்றையும் சேர்த்தார். தமக்கு உடன்பாடில்லாத சமயத்தை அதன் தரப்பிலிருந்தே விளக்கி எழுதிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை.

4. ஒரே கேள்வி, ஓராண்டு

காலவரிசைப் பட்டியலில் பிளேட்டோவை மறுப்பவர் வரும்போது பிளேட்டோ மறந்துபோயிருப்பார். எனவே ஒரு கேள்வியை எடுத்து, அதில் ஒருவரை ஒருவர் நேரடியாக மறுக்கும் நூல்களை அடுத்தடுத்து வைப்பதே தக்கது. எடுத்துக்காட்டாக ‘நான்’ என்பது நிலைத்த ஒன்றா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ் மாணவருக்கு இதில் வேறு யாருக்கும் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. அது பின்னால் வரும்.

முதல் மூன்று மாதம் தெகார்த்தின் ‘தியானங்கள்’. 1641இல் வெளிவந்த அந்நூல் ஆறு மறுப்புத் தொகுதிகளோடும் அவற்றுக்கான விடைகளோடும் சேர்ந்தே அச்சானது. மறுத்தவர்களில் ஹாப்ஸ், ஆர்னோ, கசெந்தி ஆகியோர் அடக்கம். மறுப்பவரையும் அட்டைக்குள்ளேயே வைத்துத் தரும் நூல் தனிக்கல்விக்கென்றே செய்ததுபோல் உள்ளது. தொடக்கக்காரருக்கு ஆறு தியானமும் வேண்டியதில்லை, முதலிரண்டு போதும். எதை ஐயுற்றாலும் ஐயுறும் நான் இருக்கிறேன் என்று இரண்டாம் தியானம் நிறுவுகிறது. சரி, சிந்தனை நடக்கிறது. அதைச் செய்யும் பொருள் உடலாக இருக்கக்கூடாதா என்று ஹாப்ஸ் கேட்கிறார். இவ்விடத்தில் மாணவர் தெகார்த்தின் விடையைப் படிக்காமல் நூலை மூடிவிட வேண்டும். தாமே விடை எழுதிய பிறகுதான் பக்கத்தைத் திருப்பலாம்.

அடுத்த இரண்டு மாதம் லாக். ‘மனித அறிவாற்றல் பற்றிய கட்டுரை’யின் இரண்டாம் நூல், இருபத்தேழாம் இயல் மட்டும். 1694இன் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது இது. இளவரசனின் நினைவுகளோடு அவன் ஆன்மா ஒரு செருப்புத் தைப்பவரின் உடலில் புகுந்தால் அவர் யார்? இளவரசனே என்கிறார் லாக். நினைவு எதுவரை நீளுகிறதோ அதுவரை ஆள் ஒருவரே. தாமஸ் ரீட் 1785இல் இதற்கு ஓர் எதிர்ச்சான்று தந்தார். சிறுவனாக இருந்தபோது பழம் திருடி அடிவாங்கிய ஒருவர் இளம் அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறார், முதுமையில் தளபதியாகிறார். கொடியைப் பிடித்தபோது அவருக்குச் சிறுவயதில் பட்ட அடி நினைவில் இருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் விதிப்படி தளபதியும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் சிறுவனும் ஒருவர், ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆள்! லாக்கை எப்படித் திருத்தினால் இந்தச் சிக்கல் தீரும் என்பதற்கு மாணவர் ஒரு மாதத்தைச் செலவிட்டாலும் தகும்.

பிறகு ஹியூமின் ஆய்வுநூல்: முதல் நூல், நான்காம் பகுதி, ஆறாம் பிரிவு. உள்ளே பார்த்தால் சூடு, குளிர், வலி, இன்பம் என்று ஏதேனும் ஓர் உணர்வுதான் அகப்படுகிறது, ‘நான்’ அகப்படுவதில்லை என்கிறார். இங்கிருந்து மணிமேகலைக்குப் போக ஓரடிதான்.

தமிழ் மாணவரின் வசதி இதுதான். இதே கேள்வியில் தமிழிலேயே பௌத்தம், சமணம், சைவம் மூன்றும் ஒன்றையொன்று மறுத்து நூல் செய்திருக்கின்றன. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சியில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். இருபத்தொன்பதாம் காதை அறியும் வழிகளான அளவைகளையும் போலி வாதங்களையும் கற்பிக்கிறது. முப்பதாம் காதை நிதானங்கள், அதாவது பிறவித் தொடரின் காரணக் கண்ணிகள், பன்னிரண்டையும் விரிக்கிறது. குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு எதிராக எழுந்த நீலகேசியின் நாயகி சமணத் தரப்பில் நின்று பௌத்தரோடு வாதிடுகிறாள். எல்லாம் கணந்தோறும் அழியுமானால் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் ஆகிவிடுமே என்பது பௌத்தத்துக்கு எதிராக எழும் முதன்மையான வாதம். சந்தானம், அதாவது அறாத தொடர்ச்சி, இருக்கிறது என்பது பௌத்தர் விடை. சைவ நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கமும் பௌத்தரை எடுத்து மறுக்கிறது. ரீட்டின் தளபதியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வாதத்தைப் படிப்பவர், சந்தானம் அந்தத் தளபதியைக் காப்பாற்றுமா என்று கேட்காமல் இருக்க முடியாது. இதைத் தமிழ் மெய்யியல் பாடத்தின் முதல் பயிற்சியாகவே வைக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. பரபக்கத்தில் வரும் பௌத்தர் தோற்பதற்கென்றே வருபவர். பௌத்தம் தன் வாயால் பேசுவதை மணிமேகலையிலும், பௌத்தத் துறவி நாகசேனரின் தேர் உவமை வரும் ‘மிலிந்தரின் கேள்விகள்’ என்ற நூலிலும் கேட்ட பிறகே பரபக்கத்துக்குப் போகவேண்டும்.

5. வாரத்தின் கணக்கு

மூலம் படிக்க மூன்று மணி நேரம், அதையே மறுபடி படிக்க ஒன்றரை, எழுத ஒன்றரை. துணைநூலுக்குத் தனியே நேரம் வேண்டாம். ஹிரியண்ணாவின் ‘இந்திய மெய்யியல் சுருக்கம்’, ரஸ்ஸலின் ‘மெய்யியற் சிக்கல்கள்’ போன்றவற்றைப் பேருந்தில் படித்துக்கொள்ளலாம். மூலம் வாரத்துக்குப் பத்துப் பக்கத்தைத் தாண்டவேண்டாம். லாக்கின் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம் தடுத்தால் ஜொனாதன் பென்னட் எளிமைப்படுத்திய வடிவம் இணையத்தில் உள்ளது. அதைக் கையில் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. மணிமேகலைக்கு வேங்கடசாமி நாட்டார், ஔவை துரைசாமிப் பிள்ளை உரை இல்லாமல் இறங்கக்கூடாது.

எழுதும் ஒரு பக்கத்துக்குச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் முறையே போதும். அவரது சிவஞானபோத வார்த்திகம் ஒவ்வோர் இடத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நடக்கிறது. மாணவர் நான்காவதாக மறுப்பையும் சேர்த்து நான்கு பத்தி எழுதவேண்டும்: நூலாசிரியர் சொல்வது என்ன, எதனால் சொல்கிறார், எங்கே பொருத்திக் காட்டுகிறார், இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் எது. அடிக்கோடிட்டு வைத்த நூல் நாலு மாதம் கழித்து எதையும் நினைவூட்டாது. இந்த ஒரு பக்கம் நினைவூட்டும்.

6. ஆள் தேடல்

நூலுக்குள் இருக்கும் மறுப்பவர் நம் பிழையை அறியார். ஆகவே உயிருள்ள ஆளும் வேண்டும். மூன்று அல்லது நான்கு பேர் போதும், பத்துக்கு மேல் சேர்ந்தால் கூட்டமாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மில்லின் விதிப்படி உரக்கப் படித்து நிறுத்திப் பேசவேண்டும். வாட்ஸ்அப் குழு நாள் குறிக்கத்தான் உதவும். வாதம் அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் செத்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்கள், தம் பக்கத்தை மறுக்கும்படி தெளிவாகச் சொல்லிக் கேட்கவேண்டும். இல்லையேல் அவை தலையாட்டிவிட்டுப் போகும்.

ஆளே கிடைக்காத ஊர்களில் ஒரு வழி உண்டு. திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்த வகுப்புகள் நடத்துகிறது. அங்கே முடிவு முன்னமே தீர்மானிக்கப்பட்டது என்று ஒதுங்குவோர் உண்டு. உண்மைதான். ஆனால் ஒரு சூத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஏது எங்கே நிற்கிறது என்று காட்டிப் பாடம் சொல்லும் பழக்கம் இன்று வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. நாத்திகரும் போய் உட்காரலாம். அவரே நல்ல மறுப்பவராகவும் அமைவார்.

7. பன்னிரண்டாம் மாதம்

கடைசி மாதம் புது நூல் வேண்டாம். வாராந்தரப் பக்கங்களை எடுத்து, நான்காம் பத்திகளை மட்டும் வரிசையாகப் படிக்கவேண்டும். விடை சொல்ல முடிந்த மறுப்புகளை அடித்துவிட்டு, எஞ்சியவற்றில் மிகக் கடினமான ஒன்றைப் பற்றி ஐந்து பக்கக் கட்டுரை எழுதி, குழுவில் உள்ளவர்களிடம் கொடுக்கவேண்டும். விடை கிட்டாமல் நின்றால் அதையும் எழுதலாம். 1740இல் ஆய்வுநூலின் மூன்றாம் தொகுதியை வெளியிட்ட ஹியூம், அதன் பின்னிணைப்பில், ‘நான்’ பற்றித் தாம் முதல் தொகுதியில் எழுதிய பகுதி தமக்கே நிறைவளிக்கவில்லை என்றும் அதைத் திருத்தும் வழி தெரியவில்லை என்றும் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அவர் அங்கே விட்டுவைத்த சிக்கல் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு தீரவில்லை. இரண்டாம் ஆண்டை அந்தப் பின்னிணைப்பின் சில பக்கங்களிலிருந்தே தொடங்கலாம்.