வந்தாறுமூலைக் கோவைகளின் வழித்தடம்: கிழக்குப் பல்கலைக்கழக நிர்வாக வளர்ச்சியும் செயன்முறை வரைபடமும்

1981 ஆகஸ்ட் 1 அன்று இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதில் விஞ்ஞானம், விவசாயம் என இரண்டு பீடங்களே இருந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த அக்கல்லூரி 1986 ஒக்டோபர் 1 அன்று கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் வர்த்தக முகாமைத்துவமும் கலை, கலாசாரமும் தனித்தனிப் பீடங்களாயின. திருகோணமலை வளாகமும் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் சேர்ந்தன. 2006இல் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் உருவாயிற்று. இப்படிப் படிப்படியாக விரிந்த நிறுவனத்தின் அலுவலக நடைமுறை ஒரே வேளையில் திட்டமிட்டு அமைக்கப்பட்டதாக இருக்க முடியாது. ஆகவே இங்கே செயன்முறை வரைபடம் பயன்தர வேண்டுமானால், கோவை எந்தெந்த மேசைக்குப் போகிறது என்பதோடு அந்த மேசை ஏன் அந்த வழியில் வந்தது என்பதையும் பதிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செயன்முறை வரைபடம் என்ற முறை தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரத்தும் லில்லியன் கில்பிரத்தும் 1921இல் பொறியியலாளர் சங்கமொன்றின் முன் வேலைப் படிகளைக் குறியீடுகளால் வரையும் முறையை முன்வைத்தனர். 1930களில் அலன் மோகன்சன் அதை மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்றுவித்தார். ஒரு வேலையை நன்கு அறிந்தவர் அதைச் செய்பவரே என்பது அவரது அடிப்படைக் கொள்கை. 1990இல் ரம்லரும் பிரேச்சும் எழுதிய நூல், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிரை ஒதுக்கி, வேலை நிரைவிட்டு நிரை தாண்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைப் பரவலாக்கியது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 2006இல் நிர்வாகச் சீரமைப்புக்கென ஒரு குழுவையே அமைத்தது. இந்த வரலாற்றில் உயர்கல்விக்கு முக்கியமானது நிரை தாண்டும் இடம்பற்றிய தெளிவுதான். ஒருவர் கையெழுத்திட எடுக்கும் நேரம் சில நிமிடமே. கோவை அடுத்த கைக்குப் போகக் காத்துக்கிடப்பதே நாட்களை விழுங்குகிறது.

வந்தாறுமூலைக் கோவையின் வழியை மூன்று காரணிகளின் துணையோடு வாசிக்கலாம். முதலாவது சட்டம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் உபவேந்தர், பதிவாளர், நிதியாளர் ஆகியோரினதும் பேரவை, மூதவை ஆகியவற்றினதும் அதிகாரங்களை வகுத்தது. இரண்டாவது தூரம். திருகோணமலை வளாகம் வந்தாறுமூலையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. அந்தக் கரையோரப் பாதையில் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது, அதுவரை அங்கே படகுப்பாதைதான். மூன்றாவது போர். 1990இல் வந்தாறுமூலை வளாகம் ஏதிலிகள் முகாமாக மாறியது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆளும் ஆவணமும் எப்போது அழியுமோ என்ற அச்சம் நிலவிய காலத்தில் மேலதிகப் பிரதியும் நேரடிச் சரிபார்ப்பும் காப்பாகவே கருதப்பட்டிருக்கும். காரணம் நீங்கியபின் அந்தப் படி மட்டும் எஞ்சினால் அது சுமையாகிவிடும்.

திருகோணமலையில் படித்த பட்டதாரி ஒருவர் பெறுபேற்றுப் பத்திரம் கேட்கிறார் என்று கொள்வோம். வளாக அலுவலகம், பரீட்சைப் பகுதி, நிதிப் பகுதி, பதிவாளர் அலுவலகம், தபால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை வரையலாம். ஒவ்வொரு படிக்கும் எதிரே நான்கு விடைகள் எழுதப்பட வேண்டும்: இதைக் கோருவது சட்டமா, சுற்றறிக்கையா, வெறும் வழக்கமா; எப்போது தொடங்கியது; எந்தத் தவறைத் தடுக்கிறது; கோவை இங்கே எத்தனை நாள் கிடக்கிறது. சட்டம் கோரும் படி நிலைக்கும். தவறைத் தடுக்கும் படியை ஒழுங்குசெய்யலாம். இவ்விரண்டிலும் சேராத வழக்கத்தைக் கைவிடலாம்.

சட்டமே கையைக் கட்டியிருக்கிறது என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. சட்டம் தீர்மானிப்பவர் யார் என்பதைச் சொல்கிறது. அவரிடம் கோவை போய்ச்சேரும்வரை எத்தனை மேசைகள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கணினிமயமாக்கினால் போதும் என்பது இரண்டாவது. தேவையற்ற ஒப்புதல் திரைக்கு மாறினாலும் தேவையற்றதே. வரைபடம் முந்த வேண்டும், மென்பொருள் பிந்த வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்தால் முறைகேடு பெருகும் என்பது மூன்றாவது, இது கனமானது. ஆயினும் பலர் ஒப்பமிடும் கோவையில் முன்னவர் பார்த்திருப்பார் என ஒவ்வொருவரும் நம்பினால் பொறுப்பு யாரிடமும் தங்காது. பெயர் குறித்த ஒரு பொறுப்பாளரே வலுவான காவல். கல்விசாரா ஊழியரின் வேலை பறிபோகும் என்ற அச்சமும் நியாயமானது, ஏனெனில் தொழிற்சாலைகளில் இந்தக் கருவி உழைப்பாளியைப் பிழியவும் பயன்பட்டிருக்கிறது. ஆதலால் எழுதுவினைஞர்களே வரைபடத்தை வரைய வேண்டும். மிஞ்சும் நேரம் மாணவர் சேவைக்கே போகும் என்ற உறுதியையும் நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட நிறுவன மீளாய்வுக் கைந்நூல், ஆளுகையும் முகாமைத்துவமும் என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறது. மீளாய்வுக்காக ஆவணங்களை அடுக்குவதோடு இந்த வரைபடப் பணி நின்றுவிடக்கூடாது. உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகு ஒரேயொரு நடைமுறையைத் தெரிந்தெடுத்து, அதன் வழியைத் தமிழிலும் சிங்களத்திலும் வரைந்து, மாணவர் பார்க்கும் சுவரில் ஒட்டட்டும். தன் விண்ணப்பம் இன்று எந்த மேசையில் இருக்கிறது என்று அறியும் உரிமை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவிக்கும் உண்டு.