கம்மாலைக் கத்தி: கூர் எடுப்பதும் சோதிப்பதும்

2009இற்குப் பின்னர் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் காடு மண்டிக்கிடந்த காணிகளைத் துப்புரவாக்கித்தான் வாழ்க்கையைத் தொடங்கின. அதற்குக் கத்தி வேண்டியிருந்தது. இன்றும் மீன் வெட்டுபவர், சத்தகத்தால் பனையோலை வார்பவர், பாளை சீவுபவர் எனப் பலரின் அன்றாட வருமானம் கத்தியின் கூரில் தங்கியிருக்கிறது. மொட்டைக் கத்தியை அழுத்தி வெட்டும்போது அது வழுக்கிக் கையைக் கிழித்தால், அன்றைய கூலியும் போய்விடும். கம்மாலைகளில் நின்று பார்த்தவற்றை, வீட்டிலும் செய்யக்கூடிய விதத்தில் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரும்பு

கம்மாலைக் கத்திகள் பல, பழைய லொறி வில்லுத்தகட்டில் அடிக்கப்படுபவை. அந்த உருக்கில் ஏறத்தாழ 0.6 சதவீதம் கரி இருப்பதால், சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டால் அது நன்றாக இறுகும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால், மறுபடி 200 பாகை செல்சியஸ் அளவில் இளஞ்சூடு காட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: காணியில் கிடக்கும், இன்னதென்று தெரியாத இரும்பைக் கம்மாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது வெடிக்காத எறிகணையாக இருக்கலாம். தொடாமல் விலகி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

தீட்டுதல்

இப்போது பல இடங்களில் கிறைண்டரில்தான் கூர் எடுக்கிறார்கள். கூரின் ஓரம் மெல்லியது. சில நொடிகளில் சூடேறிவிடும். அந்த இடம் நீலமாக மாறினால் சூடு 300 பாகையை எட்டிவிட்டது என்று பொருள். அங்கே இறுக்கம் குறைந்துவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பட்ட பகுதியைத் தேய்த்து நீக்க வேண்டும், அல்லது மறுபடி தோய்ச்சல் போட வேண்டும். ஆகவே கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட விடாமல் அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். கண்ணுக்குக் கவசம் கட்டாயம்.

கடைசிக் கூரைக் கல்லில் எடுப்பதே நல்லது. சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 பாகை சாய்வு போதும். காட்டுக்கத்திக்கு 30 பாகை வரை வேண்டும். அளவுகருவி தேவையில்லை. 5 சென்ரிமீற்றர் அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1.7 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 20 பாகை, 2.5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 30 பாகை.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். அது அடியிலிருந்து நுனிவரை எழுந்த பின்னரே பக்கத்தை மாற்றுங்கள். இறுதியில் அழுத்தாமல் இரு பக்கமும் மாறிமாறித் தீட்டிப் பிசிரைப் போக்குங்கள். பிசிர் நிற்கும் கத்தி முதல் வெட்டில் கூர்போல் தெரியும்; அடுத்த சில வெட்டுகளில் மழுங்கும்.

சோதித்தல்

விரலைக் கூரின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்காதீர்கள். கூரை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடம் மின்னாது. அடுத்து பத்திரிகைத் தாளை வெட்டுங்கள். சிக்கிக் கிழியும் இடத்தில் பிசிரோ பல்லோ இருக்கிறது.

ஆனால் தாளை வெட்டிய கத்தி விறகை வெட்டும் என்றில்லை. கத்தியை அதன் வேலையிலேயே சோதிக்க வேண்டும். காட்டுக்கத்தியால் காய்ந்த தடியில் பத்து வெட்டு வெட்டிவிட்டு மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். சத்தகம் ஓலையை நார் கிளம்பாமல் வார வேண்டும். பாளைக் கத்தி நசுக்காமல் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். பாளை நசுங்கினால் கள் வடிவது குறையும்.

கூர் கெட்டால், எப்படிக் கெட்டது என்று பாருங்கள். பல் விழுந்து உடைந்திருந்தால் இறுக்கம் அதிகம். மடிந்திருந்தால் இறுக்கம் போதாது. இரண்டுக்கும் கூர் அளவுமீறி மெலிந்திருப்பதும் காரணமாகலாம். கம்மாலைக்குப் போகும்போது "கத்தி மொட்டை" என்று மட்டும் சொல்லாமல், உடைந்ததா மடிந்ததா என்று சொல்லுங்கள். உடைந்ததற்கு இளஞ்சூடும் மடிந்ததற்குத் தோய்ச்சலும் என, வைத்தியம் வேறுவேறு.