நிரல்

நிரல் (பெயர்ச்சொல்): வரிசை, ஒழுங்கு. கணினிக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு.

பழந்தமிழ்ச் சொல் இது. தொல்காப்பியம் சொல்லும் நான்கு பொருள்கோள்களுள் முதலாவது நிரல்நிறை. ‘கண்ணும் காதும் பார்க்கும், கேட்கும்’ என்றால், முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திப் பொருள் கொள்கிறோம். நிற்கும் இடமே பொருளைத் தருகிறது. வரிசையைக் குறித்த இச்சொல்லே ‘புரோகிராம்’ என்பதற்குத் தமிழாயிற்று. நிரலாக்கம், நிரலர் ஆகியவை இதன் கிளைகள். இலங்கையில் செய்நிரல் என்பர்.

பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை வகுப்பறையில் காணலாம். சிறுவர்களுக்காக 1967இல் சீமூர் பாப்பர்ட்டும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய லோகோ மொழியில், திரையில் ஓர் ஆமை கோடு வரையும். மேல்நோக்கி நிற்கும் ஆமையிடம் ‘முன்னே 100, வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்று நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம் கிடைக்கும். இரு கட்டளைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். சதுரம் வரும், ஆனால் தொடங்கிய இடத்துக்கு மேலே அல்ல, கீழே!

ஏன் அப்படி என்று மாணவர் தாளில் வரைந்து கண்டுபிடிக்கும் கணமே கணிமைச் சிந்தனையின் தொடக்கம். ஆசிரியர்களே, கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்குமுன் நிரல் என்ற சொல்லின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது.