கூடுவிட்டுக் கூடுபாய்தல்: கதைகளும் ஒரு திரைப்படமும்

திருவண்ணாமலையை வலம்வரும் வழியில், மலையின் மேற்புறத்தே அமைந்த ஊர் அடி அண்ணாமலை. மணிவாசகர் திருவெம்பாவையை அருளிய இடம் இஃது என்பர். ஆடவராகிய அவர் அதனைக் கன்னியர் குரலிற் பாடினார். இவ்வாறு பிறர் உள்ளத்துட் புகுதல் புலவர்க்கு இயல்பு. பிறர் உடலுட் புகுதலோ சித்தர்க்கு உரியதாகச் சொல்லப்படுவது. இதனைக் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்பர். பரகாயப் பிரவேசம் என்பர் வடநூலார். பதஞ்சலியின் யோகநூலும் தன் மூன்றாம் பாதத்தில் இதனைக் குறிக்கின்றது. இதுபற்றிய கதைகளில், உடலுக்கு உரியவர் யார் என்னும் வினா எவ்வாறு எழுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

அண்ணாமலையில் வழங்கும் கதை அருணகிரிநாதரைப் பற்றியது. திருப்புகழிற் குறிக்கப்பெறும் பிரபுடதேவராயனை, 1422 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயன் என அறிஞர் பலர் கொள்வர். அம்மன்னன் பொருட்டுப் பாரிசாத மலர் கொணர, அருணகிரியார் தம் உடலை விடுத்து இறந்த கிளியொன்றன் உடலிற் புகுந்தார். அவர் மீளுமுன் சம்பந்தாண்டான் என்பான் அவ்வுடலை எரிப்பித்தான். அவர் கிளியாகவே நின்றார். கிளிக்கோபுரம் என்னும் பெயர் இக்கதையை இன்றும் நினைவூட்டுகின்றது. இது செவிவழிச் செய்தியேயாயினும், விட்டுச்சென்ற உடல் காவலற்றது என்னும் அச்சம் இதிற் புலனாகின்றது.

மாதவீய சங்கர விசயத்திலும் அவ்வச்சமே உள்ளது. உபயபாரதி இன்பநூல் பற்றி எழுப்பிய வினாக்களுக்கு விடையறிய, துறவியாகிய சங்கரர் இறந்த அமருக மன்னன் உடலிற் புக்கு அரசியரோடு வாழ்ந்தார். ஐயுற்ற அமைச்சர் பிணங்களையெல்லாம் எரிக்கப் பணித்தனர். சங்கரர் உடலுக்கு நேரும் இடரே அங்குப் பேசப்படுகின்றது. அரசியரின் இசைவு வினாவாக எழவில்லை.

அவ்வினாவைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுப்பியவர் சேக்கிழார். பெரியபுராணத்தில், மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களுக்கு இரங்கிய யோகியார், சாத்தனூரில் இறந்து கிடந்த ஆயன் மூலன் உடலிற் புகுந்து திருமூலர் ஆகின்றார். மாலையில் மூலன் மனைவி அவரைக் கணவனென்றே நெருங்குகின்றாள். அவர் தொட இசையாது விலகுகின்றார். அவள் கலங்கி, ஊரவரிடம் முறையிடுகின்றாள். உடல் அவள் கணவனது, உள்ளிருப்பவரோ அயலார். அறியாதாளின் அன்பைத் தமதாக்கிக் கொள்ளாமையே ஈண்டு அறமாகின்றது.

2017ஆம் ஆண்டு சி. வி. குமார் இயக்கத்தில் வெளிவந்த ‘மாயவன்’ திரைப்படம் இம்மரபின் புதிய கிளை எனலாம். வெவ்வேறு ஆட்கள் செய்த கொலைகளைத் துப்பறியும் காவல் அதிகாரி, அவற்றின் பின்னே ஒரே மனம் இருத்தலைக் காண்கின்றார். சாவை வெல்ல விரும்பிய விஞ்ஞானி ஒருவரின் மூளை ஆராய்ச்சியே அதற்குக் காரணம். யோகத்தின் இடத்தை ஆய்வுக்கூடம் பெறுகின்றது.

வேறுபாடு கருவியளவில் நின்றுவிடவில்லை. மூலன், அமருகன், கிளி ஆகிய மூன்றும் உயிர் நீங்கிய உடல்கள். திரைப்படத்திலோ உயிருள்ளோர் உடல்களே கூடுகளாகின்றன. பழங்கதைகளில் இடர் பாய்ந்தவர்க்கு. இங்கு அது பாயப்பட்டவர்க்கு. ஆதலின், சாத்தனூர்ப் பெண்ணின் முறையீட்டைச் சேக்கிழார் விடாது பாடியது இற்றை மனவாராய்ச்சிக்கும் பொருந்தும் அளவுகோலாம். புகுவோன் ஆற்றலை அளப்பதற்கு முன், புகப்பெற்றோரும் அவர்தம் சுற்றமும் இசைந்தனரோ என வினவுதல் வேண்டும் என்பது எம் துணிபு.